ஒருவர் இசை, நால்வர் மேடை: தி ப்ராடிஜியின் பயணம்

தி ப்ராடிஜி குழுவின் எந்த ஆல்பத்தை எடுத்தாலும் இசையமைப்பு, தயாரிப்பு என்ற இடத்தில் முதலில் நிற்கும் பெயர் லியாம் ஹவ்லெட். ஆனால் குழுவின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவில் எழும் முகம் அவருடையதல்ல. உச்சந்தலையை மழித்து, இரு பக்கமும் முடியைக் கொம்பாக நிறுத்தி, கைவிடப்பட்ட சுரங்கப்பாதையில் குதித்துத் திரியும் கீத் ஃப்ளின்ட்தான் அந்த முகம். இந்தக் குழுவில் அவர் சேர்ந்தது நடனம் ஆட. 1996 வரை வெளிவந்த எந்த ஒலிப்பதிவிலும் அவர் ஒரு வரிகூடப் பாடியதில்லை.

ஸ்டுடியோவில் ஒருவர், மேடையில் நால்வர். இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், பிரெயின்ட்ரீ என்ற சிறு நகரில் 1990-இல் தொடங்கிய இந்தக் குழுவின் ஏற்றமும் இறக்கமும் இந்த ஒரு ஏற்பாட்டில் அடங்கியிருக்கின்றன. ஸ்டுடியோ இசை மேடையை மனத்தில் வைத்துப் பிறந்தபோதெல்லாம் அது உச்சத்தைத் தொட்டது. இரண்டும் விலகியபோது தடுமாறியது. ‘ரேவ் இசையும் ராக் இசையும் கலந்த குழு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அது உண்மைதான் என்றாலும், அந்தக் கலப்பு ஏன் தேவைப்பட்டது, எப்படி நடந்தது என்பதை அது சொல்வதில்லை.

ஒரு கேசட்டும் ஒரு கீபோர்டும்

ஹவ்லெட் 1971-இல் பிறந்தவர். பதின்வயதில் ஹிப்-ஹாப் பித்து. ‘கட் டு கில்’ என்ற உள்ளூர் ஹிப்-ஹாப் குழுவில் டிஜேயாக இருந்தவர், எண்பதுகளின் கடைசியில் லண்டனைச் சுற்றியிருந்த வயல்களிலும் கிடங்குகளிலும் இரவிரவாக நடந்த ரேவ் என்ற நடனக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். பிரெயின்ட்ரீயில் ‘தி பார்ன்’ என்ற இடத்தில் அவர் டிஜே செய்வதைக் கேட்ட ஃப்ளின்ட், தனக்கொரு கேசட் பதிந்து தரும்படி கேட்டார். ஹவ்லெட் ஒரு பக்கம் பிறருடைய பாடல்களையும் மறுபக்கம் தான் வீட்டில் செய்தவற்றையும் பதிந்து, மேலே ‘ப்ராடிஜி’ என்று எழுதிக் கொடுத்தார். மூக் நிறுவனத்தின் ஒரு சிந்தசைசருக்கு அந்தப் பெயர். மறுபக்கத்தைக் கேட்ட ஃப்ளின்ட்டும் அவருடைய நண்பர் லீராய் தார்ன்ஹில்லும், ‘இதை மேடையேற்று, நாங்கள் ஆடுகிறோம்’ என்று வந்து நின்றார்கள். தொடக்கத்தில் ஷார்க்கி என்ற பெண் நடனக் கலைஞரும் இருந்தார். சிறிது காலத்தில் விலகிவிட்டார். பீட்டர்பரோவிலிருந்து வந்த மேக்ஸிம், ரெகே மரபில் மைக் பிடித்துப் பழகிய எம்சி, அதாவது இசையோடு பேசியும் பாடியும் கூட்டத்தை எழுப்புபவர். கிழக்கு லண்டனின் டால்ஸ்டன் பகுதியில் ‘ஃபோர் ஏசஸ்’ கிளப்பில் நடந்த முதல் நிகழ்ச்சியிலேயே அவர் சேர்ந்துகொண்டார்.

நடனக்காரர்களைச் சேர்த்ததை வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. ரேவில் கூட்டம் மேடையைப் பார்த்து நிற்பதில்லை; அதனதன் வட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும். கீபோர்டுக்குப் பின்னால் தலைகுனிந்து நிற்கும் ஒருவரைப் பார்க்க என்ன இருக்கிறது? அன்றைய மின்னணு இசைக் குழுக்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் இருந்தது. ஆர்பிட்டல் சகோதரர்கள் விளக்குப் பொருத்திய கண்ணாடி அணிந்தார்கள். அண்டர்வேர்ல்டுக்குக் கார்ல் ஹைட் என்ற பாடகர் இருந்தார். கெமிக்கல் பிரதர்ஸ் பின்திரைக் காட்சிகளில் நம்பிக்கை வைத்தார்கள். ப்ராடிஜி கண்ட விடை மனித உடல். நெட்டையான தார்ன்ஹில்லின் நழுவும் கால்களும், ஃப்ளின்ட்டின் கட்டுக்கடங்காத துள்ளலும், கூட்டத்தை அதட்டி அழைக்கும் மேக்ஸிமின் குரலும் சேர்ந்து, இயந்திரத்தில் முன்பே பதிந்துவைத்த இசைக்கு ஒரு நிகழ்கணத்தைக் கொடுத்தன.

அந்த இயந்திரம் ரோலண்ட் டபிள்யூ-30. ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் சாம்ப்ளர், அவற்றை வரிசைப்படுத்தி ஓட்டும் 16 தடச் சீக்வென்சர், 61 கட்டைகள் மூன்றும் ஒரே பெட்டியில் இருந்தன. முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி இதில் பிறந்தது. பிற கருவிகள் வந்த பிறகும் அதன் சீக்வென்சரை ஹவ்லெட் பல ஆண்டுகள் விடவில்லை. இதன் கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொண்டால் தொடக்ககால ப்ராடிஜியின் ஒலி ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

பழைய ஃபங்க் அல்லது ஹிப்-ஹாப் இசைத்தட்டில் டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். அதுதான் ‘பிரேக்’. நிமிடத்துக்கு 110 அடி வேகத்தில் வாசிக்கப்பட்டது என்றால், நான்கு அடிகள் கொண்ட ஒரு சுற்று சுமார் 2.18 நொடி நீளும். ரேவுக்கு வேண்டியது 140 அடி. அதாவது அதே சுற்று 1.71 நொடிக்குள் முடிய வேண்டும். இன்றைய மென்பொருளில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டலாம். அன்றைய இத்தகைய சாம்ப்ளரில் வேகம் கூடினால் சுருதியும் கூடியே தீரும். 110-ஐ 140 ஆக்கினால் சுருதி நான்கு அரைச்சுரங்களுக்குச் சற்று மேலே ஏறிவிடும். ஸ்னேர் டிரம் மெலிந்து ‘டக்’ என்று வெடிக்கும். பெண் குரல் கீச்சுக் குரலாகும். தொண்ணூறுகளின் தொடக்க ரேவ் பாடல்களில் கேட்கும் அந்த அணில் குரல் இந்தக் கணக்கின் விளைவு.

அடுத்தது நினைவகம். 12 பிட் ஆழம்; உயர்ந்தபட்சம் 30 கிலோஹெர்ட்ஸ் பதிவு. அந்தத் தரத்தில் மொத்தமாக 15 நொடிக்கும் குறைவான ஒலிதான் உள்ளே கொள்ளும். 140 வேகத்தில் எட்டுச் சுற்று ஓடினாலே 13.7 நொடி ஆகிவிடும். ஒரு பாடலின் டிரம்ஸ், பேஸ், குரல், சைரன் எல்லாமே அந்தச் சில நொடிகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அக்காலத்து சாம்ப்ளர்காரர்களிடம் ஒரு தந்திரம் இருந்தது. 33 சுழற்சி இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவார்கள். ஒலி 1.35 மடங்கு வேகத்தில் ஓடிவிடுவதால் பிடிக்கும் இடம் கால்பங்குக்குமேல் குறையும். பிறகு கட்டைகளில் கீழே இறக்கி வாசித்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவார்கள். விலை உண்டு: உயர் அதிர்வெண்கள் கழன்றுபோய், ஒலியில் ஒரு சொரசொரப்பு ஏறும். அந்தச் சொரசொரப்பை ரசிகர்கள் விரும்பத் தொடங்கியதால் குறையே அழகாகிவிட்டது.

வெட்டும் இடம் தவறினாலும் கெடும். அலை பூச்சியத்தைக் கடக்கும் புள்ளியில் வெட்டாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் ஒட்டிக்கொள்ளும். லூப்பின், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் துண்டின், நீளம் சீக்வென்சரின் வேகத்துக்கு இம்மி பிசகினாலும், நான்கைந்து சுற்றுக்குள் டிரம்ஸும் பேஸும் கால் இடறும். ஆகவே முழு லூப்பை ஓடவிடுவதைவிட, கிக், ஸ்னேர், ஹை-ஹேட் என்று துண்டுதுண்டாக வெட்டி, தனித்தனிக் கட்டைகளில் ஏற்றி, புதிதாக வாசிப்பதே பாதுகாப்பு. ஹவ்லெட்டின் டிரம்ஸில் ஒரு மனிதத் தாளவாத்தியக்காரரின் நெளிவு இருப்பதற்கு இந்தத் துண்டாடும் பழக்கம் முக்கிய காரணம். ஹிப்-ஹாப்பிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து அது.

பூனை தந்த புகழும் பழியும்

எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் என்ற இசை நிறுவனம் 1991 பிப்ரவரியில் ‘வாட் ஈவில் லர்க்ஸ்’ என்ற நான்கு பாடல் தட்டை வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்த ‘சார்லி’ பிரிட்டன் தரவரிசையில் 3-ஆம் இடத்தைப் பிடித்தது. எழுபதுகளில் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பாடம் சொல்ல அரசு எடுத்த குறும்படங்களில் ஒரு பூனை வரும். அம்மாவிடம் சொல்லாமல் எங்கும் போகாதே என்று அது மியாவ் மொழியில் சொல்ல, ஒரு சிறுவன் அதை விளக்குவான். ஹவ்லெட் அந்த மியாவையும் சிறுவன் குரலையும் வெட்டி எடுத்து, கனத்த பேஸ் மேல் உட்காரவைத்தார். தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கே அது உடனே பிடிபட்டது.

கெட்டதும் அங்கேதான். வெற்றியைப் பார்த்த மற்றவர்கள் பிள்ளைகள் நிகழ்ச்சிகளின் இசையையெல்லாம் ரேவ் ஆக்கினார்கள். 1992-இல் ஸ்மார்ட் ஈஸ் குழுவின் ‘செசமிஸ் ட்ரீட்’ 2-ஆம் இடம்வரை போனது. அர்பன் ஹைப் குழுவின் ‘எ ட்ரிப் டு ட்ரம்ப்டன்’ 6-ஆம் இடம். இந்த வெள்ளத்துக்குப் பழி முதல் மடையைத் திறந்தவர்மேல் விழுந்தது. ‘சார்லி ரேவைக் கொன்றதா?’ என்று மிக்ஸ்மேக் இதழ் கேட்டது. நடன உலகின் டிஜேக்கள் பலர் ப்ராடிஜி என்றாலே முகம் சுளித்தார்கள்.

‘சார்லி’ ஒரு நல்ல தந்திரம் மட்டுமே. மிகச் சிறந்த பாடல் அல்ல. 1992 செப்டம்பரில் வந்த முதல் ஆல்பம் ‘எக்ஸ்பீரியன்ஸ்’தான் ஹவ்லெட்டின் உண்மையான கைவண்ணத்தைக் காட்டியது. அதிலுள்ள ‘அவுட் ஆஃப் ஸ்பேஸ்’ பாடலைக் கவனித்துக் கேளுங்கள். பாய்ந்தோடும் பிரேக்பீட்டில் ‘உன் மூளையை வேறொரு பரிமாணத்துக்குக் கொண்டுபோகிறேன்’ என்று அல்ட்ராமேக்னடிக் எம்சீஸ் குழுவின் குரல் வருகிறது. திடீரென்று தரை நழுவி, 1976-இல் மேக்ஸ் ரோமியோ பாடிய ஜமைக்கா ரெகே பாடல் ‘சேஸ் தி டெவில்’ நிதானமாக நுழைகிறது. அடிப்படை வேகம் மாறுவதில்லை. அடிகளை எண்ணும் முறைதான் பாதியாகிறது. பாய்ச்சலின் நடுவே கூட்டத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்து, மறுபடி பாய்ச்சலுக்கு இழுப்பது இந்த உத்தி. பிறகு வந்த ஒவ்வொரு ஆல்பத்திலும் இதன் ஏதோ ஒரு வடிவம் உண்டு.

பெயரால் வந்த பகையைச் சோதிக்க ஹவ்லெட் 1993-இல் ஒரு வேலை செய்தார். புதிய பாடலொன்றைக் குழுவின் பெயர் போடாமல், வெற்று வெள்ளை லேபிளில் ‘எர்த்பவுண்ட்’ என்று மட்டும் அச்சிட்டு டிஜேக்களுக்கு அனுப்பினார். ப்ராடிஜியை ஒதுக்கிவந்த மேடைகளிலேயே அது ஓடியது. பின்னர் அதுவே ‘ஒன் லவ்’ என்ற பெயரில் குழுவின் சிங்கிளாக வந்தது. மதிப்பு குறைந்தது இசையில் அல்ல, பெயரில் மட்டுமே என்று நிரூபித்த செயல் அது.

சட்டம் வந்தது, வயல் போனது

1990-இலேயே அனுமதியில்லாத கேளிக்கை நிகழ்ச்சிகளுக்கு அபராதத்தை 20,000 பவுண்டுவரை உயர்த்தும் சட்டம் வந்துவிட்டது. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் இருபதாயிரம் பேருக்குமேல் திரண்டு நாள்கணக்கில் ஆடியதும் அரசு இன்னும் இறுக்கியது. 1994 நவம்பரில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு திறந்தவெளியில் இரவில் நடக்கும் ரேவ்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. ‘இசை’ என்பதில் திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளால் ஆன ஒலிகளும் அடங்கும் என்று சட்டமே எழுதிவைத்தது. இதற்குப் பதிலடியாக ஆட்டெகர் என்ற மின்னணு இசைக் குழு, தாளச் சுற்று எங்கும் திரும்ப வராதபடி ஒரு பாடலைச் செய்து வெளியிட்டது தனிச் சுவையான செய்தி.

ப்ராடிஜியின் இரண்டாம் ஆல்பம் ‘மியூசிக் ஃபார் தி ஜில்ட்டட் ஜெனரேஷன்’ அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1994 ஜூலையில் வந்து முதலிடம் பிடித்தது. உள்ளட்டை ஓவியத்தில் ஒரு பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் காவலர் படை, மறுபக்கம் ரேவ் கூட்டம். நீண்ட முடிக்காரர் ஒருவர் தொங்குபாலத்தின் கயிற்றை அறுக்கிறார். ‘தெயர் லா’ பாடலில் பாப் வில் ஈட் இட்செல்ஃப் குழுவின் கிட்டார் உறுமுகிறது. இந்த ஆல்பத்தை முழுக்க ஓர் அரசியல் அறிக்கையாக வாசிப்பவர்கள் உண்டு. அப்படி வாசிக்கப் போதுமான வரிகள் அதில் இல்லை. சட்டம் உண்டாக்கிய நடைமுறை விளைவுதான் இங்கே பெரிது: வயல் ரேவ்கள் அடங்கின, நடன இசை உரிமம் பெற்ற கிளப்புகளுக்கும் பெரிய திருவிழாக்களுக்கும் நகர்ந்தது. திருவிழாவில் கூட்டம் மேடையைப் பார்த்து நிற்கும். கிட்டார் கேட்டுப் பழகிய காதுகள் அவை. பல ஆண்டுகளாக மேடைக்கு உடல்களைப் பழக்கிவைத்திருந்த ப்ராடிஜிக்கு அந்த மாற்றம் வாய்ப்பாக அமைந்தது.

ஹவ்லெட் இசையையும் அதற்கேற்ப மாற்றினார். ‘நோ குட்’ இன்னும் ரேவ் வேகத்தில், கெல்லி சார்ல்ஸின் குரலை உயர்த்தி ஓடுகிறது. ‘வூடூ பீப்பிள்’ கிட்டார் பக்கம் சாய்கிறது. நிர்வாணா குழுவின் பாடலொன்றின் கிட்டார் இசைத்துண்டை அடியொற்றி, லான்ஸ் ரிட்லர் என்பவரைப் புதிதாக வாசிக்கவைத்த பாடல் அது. ‘பாய்சன்’ வேகத்தை ஒரேயடியாகக் குறைத்து ஹிப்-ஹாப் நடைக்கு வருகிறது. மேக்ஸிமின் குரல் ஒலிப்பதிவில் முதன்மையாக வந்தது இதில்தான். மேடையில் மட்டும் இருந்த குரல் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தது. ஆல்பத்தின் ஒரே குறை நீளம். சிடியின் கொள்ளளவை நிரப்பும்படி 78 நிமிடம் ஓடுகிறது. இரண்டு பாடல்களைக் கழித்திருந்தால் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

மற்றவர் இசையிலிருந்து எடுப்பதில் உள்ள உரிமைச் சிக்கலை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு பாடலில் இரண்டு உரிமைகள் உண்டு: ஒலிப்பதிவுக்கு ஒன்று, இயற்றிய இசைக்கும் வரிக்கும் இன்னொன்று. பழைய பதிவிலிருந்து நேராக வெட்டி எடுத்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இசைக்கலைஞரை வைத்து மறுபடி வாசித்துப் பதிந்தால் ஒலிப்பதிவு உரிமையின் தொல்லை நீங்கும். இயற்றியவரின் உரிமை நீங்காது. எடுத்த துண்டு பாடலின் அடையாளமாகவே ஆகிவிட்டால், பழைய பாடலாசிரியர்கள் புதிய பாடலின் இணையாசிரியர்களாகவே பெயர் பெறுவார்கள். அடுத்த பாடலில் நடந்தது அதுதான்.

நடனக்காரர் வாய் திறந்தார்

‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ முதலில் குரல் இல்லாத பாடலாகத்தான் உருவாகிக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட ஃப்ளின்ட், இதில் தானும் ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். ஹவ்லெட் ஒப்புக்கொண்டார். 1996 மார்ச்சில் வெளிவந்து பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்றது.

பாடலைப் பிரித்துப் பார்த்தால் வியப்புத்தான். வளைந்து ஊளையிடும் அந்தக் கிட்டார் துண்டு பிரீடர்ஸ் குழுவின் ‘எஸ்.ஓ.எஸ்.’ பாடலிலிருந்து வந்தது. ‘ஹே’ என்ற கூவல் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழுவின் 1984 பாடலிலிருந்து. அதனால் ஹவ்லெட், ஃப்ளின்ட் பெயர்களோடு கிம் டீல், ஆன் டட்லி, ட்ரெவர் ஹார்ன் உள்ளிட்டோரும் இணையாசிரியர்கள். இத்தனை பேருடைய துண்டுகள் சேர்ந்தும் பாடல் சிதறவில்லை. எல்லாவற்றையும் 141 அடி வேகத்தில் ஓடும் ஒரே டிரம்ஸ் முதுகெலும்பு பிடித்துவைத்திருக்கிறது.

ஃப்ளின்ட்டின் குரலை அளப்பதற்குப் பாடகருக்கான அளவுகோல் உதவாது. அவர் சுரம் பிடிப்பதில்லை, சொல்லை எறிகிறார். வரிகள் குட்டையானவை, கிட்டார் மூச்சுவிடும் இடைவெளியில் சரியாக வந்து விழுகின்றன. பல ஆண்டுகள் இதே குழுவின் தாளத்துக்கு உடம்பால் பதில் சொல்லிவந்தவருக்கு எந்த இடத்தில் இடைவெளி வரும் என்பது எலும்பில் ஏறியிருந்தது. பயிற்சி பெற்ற ராக் பாடகர் ஒருவரைக் கூட்டிவந்திருந்தால் நீண்ட சுரங்களால் அந்த இடைவெளிகளை அடைத்திருப்பார், பாடல் சாதாரணமாகியிருக்கும். ஓட்டம் நின்றுபோன ஆல்ட்விச் சுரங்க ரயில் நிலையத்தில் வால்டர் ஸ்டெர்ன் இயக்கிய கறுப்பு-வெள்ளைக் காணொளி தொலைக்காட்சியில் வந்தபோது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று புகார்கள் குவிந்தன.

அதே ஆண்டு நவம்பரில் ‘பிரீத்’ வந்து அதுவும் முதலிடம். ஃப்ளின்ட்டும் மேக்ஸிமும் வரிகளை மாறிமாறிப் பாடுகிறார்கள். 130 அடி வேகத்தில் பேஸ் முன்னே நிற்கிறது. இரு முன்னணிக் குரல்கள் என்ற அமைப்பு இதில் உறுதிப்பட்டது.

1997 ஜூன் 27, வெள்ளிக்கிழமை. கிளாஸ்டன்பரி திருவிழாவின் பிரதான பிரமிட் மேடையில் இறுதி நிகழ்ச்சி ப்ராடிஜியுடையது. மூன்று நாள் கழித்து, ஜூன் 30 அன்று, ‘தி ஃபேட் ஆஃப் தி லேண்ட்’ வெளியானது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். மூன்றாண்டு மேடைகளில் கிட்டாரும் நேரடி டிரம்ஸும் சேர்த்துச் சோதித்துப் பார்த்த பிறகு வந்த ஆல்பம் என்பது கேட்கும்போதே தெரியும். முன்னதைப்போல் நீளாமல் பத்தே பாடல்கள். ‘நாராயண்’ பாடலில் கூலா ஷேக்கர் குழுவின் கிரிஸ்பியன் மில்ஸ் பாட, நாராயண நாமம் உச்சாடனமாகச் சுழல்கிறது. ஒன்பது நிமிடம் நீளும் அதுதான் ஆல்பத்தின் தளர்ந்த பகுதி.

‘ஸ்மேக் மை பிட்ச் அப்’ பற்றித் தனியே சொல்ல வேண்டும். இசையாக அது ஹவ்லெட்டின் உச்சம். 136 அடி வேகம். நடுவில் எல்லாம் அடங்கி, எசெக்ஸில் பிறந்த ஷாஹின் பதரின் ஆலாபனை எழுகிறது. ஷீலா சந்திராவின் பாடலொன்றைத் தழுவிய ஆலாபனை அது. பிறகு டிரம்ஸ் மறுபடி இடிக்கும் கணத்தில் எந்த அரங்கும் நிலைகொள்ளாது. வரியோ அல்ட்ராமேக்னடிக் எம்சீஸ் பாடலிலிருந்து வெட்டியது. பெண்ணை அடிப்பதாகவே நேர்ப்பொருள். முழு வேகத்தில் எதையும் செய்வதைக் குறிக்கும் வழக்கு என்று ஹவ்லெட் விளக்கினார். அமெரிக்கப் பெண்ணுரிமை அமைப்பு கண்டித்தது. பெரிய கடைச் சங்கிலிகள் ஆல்பத்தை அலமாரியிலிருந்து எடுத்தன. 1998 ரெடிங் திருவிழாவில் அதைப் பாட வேண்டாம் என்று பீஸ்டி பாய்ஸ் கேட்டுக்கொண்டும் ப்ராடிஜி பாடியது. ஒரு முரட்டு இரவைக் கண் வழியே காட்டி, கடைசியில் கண்ணாடியில் தெரிவது பெண் முகம் என்று முடியும் யோனாஸ் ஆகர்லண்டின் காணொளி இரண்டு எம்டிவி விருதுகளை வென்றது. அந்தத் திருப்பம் காணொளிக்கு மட்டுமே உதவுகிறது; பாடலைக் கேட்பவருக்கு வரி மட்டும்தான் போய்ச்சேரும். கண்டித்தவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

மேடை இல்லாத ஆல்பம்

அடுத்த ஆல்பத்துக்கு ஏழாண்டு பிடித்தது. 2000-இல் தார்ன்ஹில் விலகினார். 2002-இல் வந்த ‘பேபிஸ் காட் எ டெம்பர்’ 5-ஆம் இடம்வரை போனது. ஆனால் அது ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ அச்சில் வார்த்த பொம்மை; விமர்சகர்களும் ரசிகர்களும் ஏற்கவில்லை. ஹவ்லெட்டே அந்தப் பாதையைக் கைவிட்டு, பெரிய ஸ்டுடியோவை விட்டுவிட்டு, மடிக்கணினியில் ரீசன் என்ற இசை மென்பொருளை மட்டும் வைத்துப் புதிதாகத் தொடங்கினார்.

2004-இல் வந்த ‘ஆல்வேஸ் அவுட்நம்பர்ட், நெவர் அவுட்கன்ட்’ ஆல்பத்தில் ஃப்ளின்ட்டும் இல்லை, மேக்ஸிமும் இல்லை. லியாம் கேலகர், ஜூலியட் லூயிஸ், கூல் கீத் போன்ற விருந்தினர் குரல்கள். ஆல்பம் முதலிடம் பெற்றது. ஒலியில் சில இடங்கள் பிரமாதம். ஆனால் முதல் சிங்கிள் ‘கேர்ல்ஸ்’ 19-ஆம் இடத்தோடு நின்றது. அதைவிடப் பெரிய சிக்கல் சுற்றுப்பயணத்தில். விருந்தினர் எவரும் ஊர் ஊராக வரப்போவதில்லை. மேடையில் நிற்கப்போவது அந்த ஆல்பத்தில் இல்லாத ஃப்ளின்ட்டும் மேக்ஸிமும். தங்களுக்காக எழுதப்படாத பாடல்களுக்கு அவர்கள் உடம்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்டுடியோவும் மேடையும் முழுதாகப் பிரிந்த காலம் இது ஒன்றுதான். இதன் பாடல்களில் பெரும்பாலானவை மேடையில் நிலைக்காமல் போனதற்குக் காரணமும் அதுவே.

ஹவ்லெட் பாடம் கற்றார். 2009-இல், ‘டேக் மீ டு தி ஹாஸ்பிடல்’ என்ற சொந்த லேபிளில் ‘இன்வேடர்ஸ் மஸ்ட் டை’ வந்தது. மூவரும் மறுபடி ஒரே ஆல்பத்தில். ‘ஓமன்’ பாடலின் வரிகளைப் பாருங்கள்: சில சொற்கள், திரும்பத் திரும்ப, ஐம்பதாயிரம் பேர் முதல்முறை கேட்டதும் கூடவே கத்தும்படி. ‘வாரியர்ஸ் டான்ஸ்’ பழைய ரேவ் குரலைத் திரும்பக் கொண்டுவருகிறது. ‘ரன் வித் தி வுல்வ்ஸ்’ பாடலில் டிரம்ஸ் டேவ் குரோல். புதுமை என்று பார்த்தால் முந்தைய ஆல்பத்தைவிடக் குறைவு. பயன் என்று பார்த்தால் எத்தனையோ மடங்கு கூடுதல். 2010 ஜூலையில் மில்டன் கீன்ஸ் திறந்தவெளி அரங்கில் 65,000 பேர் முன்னால் நடத்திய நிகழ்ச்சி அதற்குச் சான்று.

2015-இல் ‘தி டே இஸ் மை எனிமி’, 2018-இல் ‘நோ டூரிஸ்ட்ஸ்’. இரண்டும் முதலிடம். முதல் ஆல்பம் 12-ஆம் இடத்தோடு நின்றதைத் தவிர மற்ற ஆறு ஸ்டுடியோ ஆல்பங்களும் பிரிட்டனில் முதலிடம் கண்டவை. இந்தக் கடைசி இரண்டில் புதிய வழி எதுவும் திறக்கவில்லை. கைவந்த வேலையைக் கூர்தீட்டிச் செய்திருக்கிறார்கள்.

ஃப்ளின்ட்டுக்குப் பிறகு

2019 மார்ச் 4 அன்று எசெக்ஸிலுள்ள தன் வீட்டில் கீத் ஃப்ளின்ட் இறந்தார். வயது 49. எஞ்சிய சுற்றுப்பயணம் உடனே ரத்தானது. பிரெயின்ட்ரீ அருகே பாக்கிங்கில் நடந்த இறுதிச் சடங்கின்போது ஆயிரக்கணக்கானோர் தெருவோரம் திரண்டு நின்றார்கள்.

2022 ஜூலையில், ‘தி ஃபேட் ஆஃப் தி லேண்ட்’ வெளியாகி 25 ஆண்டு ஆனதை ஒட்டி, ஹவ்லெட்டும் மேக்ஸிமும் பிரிட்டன் முழுவதும் பத்து நிகழ்ச்சிகளோடு திரும்பினார்கள். இறந்தவரின் பாடலை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் எடுத்த முடிவு சரியானது. ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ இசையை ஓடவிட்டார்கள். பச்சை லேசர் கோடுகளால் ஃப்ளின்ட்டின் உருவத்தை வரைந்தார்கள். அவருடைய வரிகளை வேறு எவரையும் பாடவைக்கவில்லை. மாற்றாள் ஒருவரைத் தேடியிருந்தால் அது வேடமாகியிருக்கும். 2025-இல் கிளாஸ்டன்பரியின் இரண்டாம் பெரிய மேடையில் ஞாயிறு இரவின் இறுதி நிகழ்ச்சியும் இந்த அமைப்போடுதான் நடந்தது. முன்வரிசைச் சுமை முழுவதும் இப்போது மேக்ஸிம் தோளில். அவருக்குப் பின்னால் கிட்டாருக்கு ராப் ஹாலிடேயும் டிரம்ஸுக்கு லியோ கிராப்ட்ரீயும் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள்.

இந்தக் குழுவைப் புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் ஆல்பங்களை ஆண்டு வரிசையில் கேட்பதைவிட ஜோடிகளாகக் கேட்பது பயன் தரும். மில்டன் கீன்ஸ் நிகழ்ச்சி ‘வேர்ல்ட்ஸ் ஆன் ஃபயர்’ என்ற பெயரில் 2011-இல் வெளிவந்தது, எளிதாகக் கிடைக்கும். முதலில் ‘பாய்சன்’ பாடலை 1994 ஆல்பத்தில் கேளுங்கள், உடனே மேடைப் பதிவைக் கேளுங்கள். அடுத்து ‘பிரீத்’, அடுத்து ‘ஓமன்’. நல்ல ஹெட்ஃபோன் வேண்டும்; கைபேசி ஸ்பீக்கரில் பேஸின் கீழ்ப்பகுதி வராது, ‘பிரீத்’ எலும்புக்கூடாகத்தான் ஒலிக்கும். ஒவ்வொரு முறையும் டிரம்ஸ் நுழைவதற்குமுன் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஆல்பத்தில் ஹவ்லெட் விட்ட வெற்றிடம், மேடைப் பதிவில் மேக்ஸிமின் குரலாலும் கூட்டத்தின் கூச்சலாலும் நிரம்பும்.